கிள்ளான் சாலையும் காண்டாக் கம்பும்

பாய்மரத் தொங்கான் எங்களைக் கிள்ளானில் இறக்கிவிடவில்லை. நடுக்கடலில் காற்று நின்றுபோய், ஒரு பகல் முழுக்கப் பாய் துவண்டு தொங்கியது. மறுநாள் எழுந்த காற்று எங்களைத் தெற்கே தள்ளி, லங்காட் ஆற்று முகத்துக்குள் கொண்டுபோய்ச் சேற்றில் உட்கார வைத்தது. படகின் தலைவரான தண்டல் ஒரு மலாய்க்காரர். கரையில் தெரிந்த தென்னைகளைக் காட்டி, "அதுதான் தெலுக் பங்லிமா காராங். இனிமேல் உங்கள் கால்தான் கப்பல்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். பெட்டியைத் தலையில் ஏற்றி, முழங்கால் சேற்றில் நடந்துதான் மலாயா மண்ணில் ஏறினேன்.

நான் மேடான்காரன். அப்பா சுமத்ராவின் புகையிலைத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். நான் பிறந்தது, சிலம்பம் பழகியது, துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் அங்கேதான். ஜப்பான்காரர்கள் வந்து இரண்டாவது வருஷம், தையல் நூல் வாங்கிவர என் முதலாளி எனக்குப் பயண அனுமதி எடுத்துக் கொடுத்தார். அனுமதிச் சீட்டில் நூல் என்றுதான் இருந்தது. நான் போனது அக்கா தாயம்மாவை அழைத்து வர. அவளை மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானைச் சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் கொண்டு போய்விட்டான் என்று ஒரு படகுக்காரன் மூலம் சேதி வந்தது. தனியாக இருக்கிறாள், பிள்ளையும் இல்லை. கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் நம்மூர் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன இருக்கு பாய்?"

"மரவள்ளிக்கிழங்கு அவிச்சது இருக்கு. பொரிச்சது இருக்கு. மரவள்ளி மாவுல மீ இருக்கு."

"வேற?"

"வேற இருந்தா நான் சாப்பிட்டிருப்பேன்ல தம்பி."

சேமியா மாதிரியான அந்த மீயை வாங்கினேன். செம்பனை எண்ணெயில் பிரட்டியதால் சிவப்பாக, பார்க்க நன்றாகவே இருந்தது. வாயில் போட்டால் பசை. காப்பி எதில் போட்டது என்று கேட்டதற்கு, "குடிக்கிற வரைக்கும் கேட்காதீங்க" என்றார். குடித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. மேடானிலும் கஞ்சிதான். ஆனால் எங்கள் ஊரில் சோளமாவது கிடைத்தது.

கிள்ளான் வரை மாட்டுவண்டி, அதற்குப் பிறகு ரயில். கரி இல்லாததால் எஞ்சினுக்கு விறகு போட்டு ஓட்டினார்கள். திறந்த சரக்குப் பெட்டியில் நின்றோம். எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் நெருப்புப் பொறி மழையாகக் கொட்டும். என் தோளில் சட்டை புகைவதை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற சீனக் கிழவி தன் ஈரத் துண்டால் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்து அணைத்தாள். பிறகு துண்டைப் பிழிந்து மறுபடியும் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் ரப்பர் மரங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பு வரிசையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. தாயம்மாவைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயிலிருந்து காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் வாளி தொங்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. பக்கத்தில் வந்ததும், "என்னடா, அக்காவைப் பார்த்து முழிக்கிற?" என்றாள்.

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தேன். "அக்கா, சாமானைக் கட்டு. என்கூட மேடானுக்கு வந்துரு. தொங்கான்காரன்கிட்ட இடம் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "மொதல்ல குடி. காலையில உனக்கு வேலை இருக்கு" என்றாள்.

என்ன வேலை என்பது விடிந்ததும் தெரிந்தது. கடிகாரத்தை ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் கடிகாரம் ஏழு என்றாலும் வெளியே இருட்டுதான். வெளிச்சம் வந்தபோது குடியிருப்பின் பின்பக்கம், துணி காயப் போடும் கொடிகளுக்கு நடுவில் மூன்று பெண்கள் காண்டாக் கம்புடன் நின்றார்கள். ஒருத்தி என் அக்கா. இன்னொருத்தி பக்கத்து வீட்டு ஜைனம்பு. அவள் கணவர் யுத்தத்துக்கு முன்னால் ஊருக்குப் போய், கப்பல் நின்றுவிட்டதால் இந்தியாவிலேயே மாட்டிக்கொண்டவர். மூன்றாவது, வரிசையின் கடைசி வீட்டு லூர்து. அவள் கணவரும் அத்தானோடு சயாமுக்குப் போனவர்.

காரணத்தை ஜைனம்புதான் சொன்னாள். அரிசிக்காகவும் கருவாட்டுக்காகவும் மூவரும் சைக்கிளில் கிள்ளானுக்கு அப்பால் மேரு வரை போவார்கள். சேலை, சோப்பு, தையல் ஊசி என்று கையில் இருப்பதைக் கொடுத்துப் பண்டம் மாற்றி வருவார்கள். ரயிலில் கொண்டு வந்தால் ஸ்டேஷனில் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் ரோடுதான் வழி. அதில்தான் ஒரு தடவை வழிப்பறிக்காரர்கள் மறித்து ஜைனம்புவின் சைக்கிளையும் எண்ணெய் டின்னையும் பிடுங்கிக்கொண்டு, தள்ளிவிட்டதில் அவள் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

"மூணு பேரும் ரோட்டுல உட்கார்ந்து அழுதோம். அழுது முடிச்சதும் உங்க அக்காதான் சொன்னாங்க, நம்ம கையிலதான் கம்பு இருக்கே, தண்ணி தூக்க மட்டுமா அதுன்னு."

அப்பா எனக்குச் சிலம்பம் கற்றுக்கொடுத்தபோது அக்கா முற்றத்தின் ஓரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அவள் கையில் யாரும் கம்பு கொடுத்ததில்லை. பார்த்தே பழகிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள் போலும். காலடி வைப்பது சரியாக இருந்தது. பிடியும் சரி. மற்றபடி அது சிலம்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீச்சு இல்லை, சுற்று இல்லை. எதிரி ஓங்கினால் தட்டுவது, இரண்டு அடி பின்னால் போவது. அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு கம்பை வாங்கி, மேடானில் திருவிழாவுக்குச் செய்கிற சுற்றைச் செய்து காட்டினேன். கம்பு காற்றைக் கிழித்துச் சத்தம் போட்டது. லூர்து கை தட்டினாள். இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

"நல்லா இருக்கு தம்பி," என்றாள் அக்கா. "ஆனா நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள மூட்டை போயிரும்லா."

ஜெயிப்பது அவர்கள் நோக்கம் இல்லை என்பதை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்துகொண்டேன். மூட்டை வீடு சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என்னென்ன வேண்டும் என்று பிரித்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். லூர்துவின் இலக்கு, கம்பு முகத்துக்கு நேரே வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது. வேறு எதையும் அவள் இப்போதைக்குப் பழக வேண்டியதில்லை. ஜைனம்புவின் இலக்கு, முறிந்து கூடிய தோளை அசைத்து முழங்கையைக் காது உயரத்துக்குத் தூக்குவது. அதற்காகவே துணிக்கொடியில் ஒன்றை அவளுக்கென்று கட்டியிருந்தார்கள். அந்தக் கொடியில் அவளால் துணி போட முடிந்துவிட்டால் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவார்கள். அக்காவின் இலக்கு, எவ்வளவு பலமாக அடித்தாலும் கையிலிருந்து கம்பு விழாமல் இருப்பது.

வயிற்றைப் பொறுத்துத்தான் பயிற்சியும். மரவள்ளி தின்ற நாளில் நின்ற இடத்தில் நின்று காலடி மட்டும். கேழ்வரகுக் கஞ்சி குடித்த நாளில் கம்பு வீசலாம். ஒன்றுமில்லாத நாளில் உட்கார்ந்துகொண்டு, எங்கே வளைவு வரும், எங்கே ரப்பர் மரம் ரோட்டை ஒட்டி நிற்கும் என்று பேசுவார்கள். மேடானில் நாங்கள் பயிற்சிக்கு முன்னால் பால் குடித்துவிட்டுப் போனவர்கள். இப்படி ஒரு கணக்கு எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

யாராவது அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று கம்பின் இரு முனையிலும் வாளி ஏறிவிடும். ஒருமுறை ரயில்வேயில் வேலை பார்த்த ஜப்பான்காரன் ஒருவன் வந்து நின்றுவிட்டான். குனிந்து வணங்கினோம். வாளியில் தண்ணீர் இல்லை என்பதை அவன் பார்த்தான் என்றே நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். அன்றைக்கு அதற்குமேல் யாரும் கம்பைத் தொடவில்லை.

எனக்கு அக்கா கொடுத்த வேலை, வழிமறிக்கும் பாராங்கத்திக்காரனாக நிற்பது. ஒரு விறகுக் கட்டையைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னாள். வெட்டினேன். அவள் தட்டினாள். மறுபடியும் வெட்டினேன். திடீரென்று கம்பைத் தரையில் ஊன்றிவிட்டு என்னை முறைத்தாள்.

"என்னடா தடவிக் கொடுக்கிற?"

"பலமாத்தான் அடிக்கிறேன்."

"பொய் சொல்லாத. ரோட்டுல வர்றவன் என் தம்பி இல்ல. அவன் மாதிரி அடி."

அடித்தேன். கட்டை கம்பில் பட்ட அதிர்வு என் தோள் வரை ஏறியது. அவள் உதடு வெளுத்தது. கம்பு விழவில்லை. "இன்னொண்ணு" என்றாள். அக்காவை அப்படி அடிக்க என்னைத் தயார்படுத்திக்கொள்ள எனக்கு ஒவ்வொரு காலையும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் லூர்து கண்ணை மூடவில்லை. நான் வீசிய கம்பு அவள் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் திறந்தே இருந்தது. "பார்த்தேன் அண்ணே, கம்பு வர்றதைப் பார்த்தேன்," என்றாள். ஏதோ புது ஊரைப் பார்த்துவிட்டு வந்தவள் சொல்வது போல இருந்தது. ஜைனம்பு அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஜைனம்புவின் முழங்கை மட்டும் மோவாய் உயரத்தைத் தாண்டவில்லை. மேருவுக்குப் போகும் நாள் குறித்தபோது அவளும் கிளம்பி நின்றாள்.

"நீ இந்தத் தடவை வேண்டாம்," என்றாள் அக்கா.

"மோவாய் வரைக்கும் வருதே."

"கத்தி தலைக்கு வரும் ஜைனம்பு. காது வரைக்கும் வரட்டும், அடுத்த தடவை நீதான் முன்னால போற."

ஜைனம்பு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் போய்த் தட்டவில்லை. ஜைனம்புவின் இடத்தில் நான் போனேன்.

சைக்கிள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் கிடைக்காத காலம். பழைய ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். மிதித்தால் கட்டைவண்டியில் போவது போலத்தான். பெட்டாலிங் வருவதற்குள் என் சக்கரத்துக் குழாய் அவிழ்ந்து சங்கிலியில் சிக்கி, நான் ஒரு வாய்க்காலில் இறங்கினேன். லூர்து சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேடானில் குதிரை பூட்டிய சாடோ வண்டியில் போய்ப் பழகியவன் நான். குதிரைக்குக் கம்பி சுற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். "குதிரையை இங்க கொண்டு வந்தா ரோட்டுலயே சமைச்சிருவாங்க," என்றாள் அக்கா.

சுங்கை வே, பத்து தீகா, கிள்ளான். வழியில் ரப்பர் மரங்கள் பால் வெட்டாமல் நின்றன. ஆற்றைக் கடந்து மேருவை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே ஜாவாக்காரர்களின் கம்பம், சின்னக் கிராமம். அக்கா வழக்கமாகப் பண்டம் மாற்றும் ஜாவாக்காரப் பெண்மணி தூண்கள்மேல் நின்ற தன் வீட்டின் அடியில் எங்களைப் படுக்க வைத்தாள். என் மலாயைக் கேட்டதும், "நீ டெலிக்காரன் மாதிரிப் பேசுகிறாயே" என்றாள். டெலி என்பது எங்கள் பக்கத்துச் சீமையின் பெயர். மேடான் என்றேன். அவள் தம்பியும் சுமத்ராவில்தான் எங்கோ தோட்டத்தில் இருந்தானாம், பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். சுமத்ரா பெரியது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்தால் சொல்கிறேன் என்றேன். வாழை இலையில் சோறு வைத்தாள். உண்மையான சோறு, தேங்காய்த் துருவல், ஒரு துண்டு வறுத்த மீன். மூவரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். லூர்து இலையை வழித்துவிட்டு அதை மடிக்க மனமில்லாமல் வைத்திருந்தாள்.

காலையில் மூன்று மூட்டை கட்டினோம். அடியில் அரிசி, மேலே கருவாடு. கருவாட்டின்மேல் அக்கா வேண்டுமென்றே தண்ணீர் தெளித்தாள். ஏன் என்பது ஆற்றங்கரைக் காவலில் புரிந்தது. குனிந்து வணங்கி நின்றோம். சிப்பாய் மூட்டையைத் திறந்தான், மூக்கைப் பொத்தினான், துப்பாக்கி முனையால் போகச் சொன்னான்.

கிள்ளானைத் தாண்டியதும் அக்கா எங்களை நிறுத்தினாள். பெரிய மூட்டையை என் சைக்கிளில் மாற்றிக் கட்டினாள். "நீதான் வேகமா மிதிப்ப. முன்னால போ. என்ன ஆனாலும் நிக்காத. பெட்டாலிங் கடைத்தெருவுலதான் காலைக் கீழ வைக்கணும்."

"நான் மேடான்ல பத்துப் பேரை எதிர்த்து ஒத்தை ஆளா நின்னு ஆடினவன். நான் பின்னால வரேன், நீ முன்னால போ."

"பத்துப் பேரும் உன்னை அடிக்கணும்னு வந்தவங்க. இவங்க மூட்டைக்கு வர்றவங்க. மூட்டை எங்க இருக்கோ அங்கதான் வருவாங்க. அது நிக்கவே கூடாது. உன் வேலை மூட்டை."

பத்து தீகாவுக்கும் சுங்கை வேக்கும் நடுவில், ரோடு வளைகிற இடத்தில் அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். ஒருவன் கையில் பாராங். இரண்டு பேர் மரக்கிளை ஒன்றை ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிளைக்கும் வாய்க்காலுக்கும் இடையில் ஒரு சைக்கிள் போகிற இடம் மிச்சம் இருந்தது. அதில் புகுந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவன் கத்தினான். பிறகு கம்பில் அடி விழும் சத்தம். அதை நான் பிரிக்பீல்ட்ஸில் நித்தம் கேட்டிருந்தேன். என் கால்கள் நின்றுவிட்டன.

"போடா! நிக்காத! போ!"

அக்காவின் குரல்தான். சின்ன வயதிலிருந்து கம்பு பிடித்த கை எனக்கு. சைக்கிள் தண்டில் என் கம்பு கட்டியபடியே இருந்தது. மிதித்தேன். வாழ்க்கையில் நான் செய்த எந்தப் பயிற்சியும் அந்த மிதிக்கு என்னைத் தயார் செய்யவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். சக்கரம் கடகடத்தது. மூக்கு ஒழுகியது. அழுதுகொண்டு போகிறேன் என்பது பெட்டாலிங் கடைத்தெருவில் இறங்கி முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

ஒரு சீனர் கடை முன்னால் உட்கார்ந்தேன். கடைக்காரர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாராவது வர வேண்டுமா?" என்று மலாயில் கேட்டார்.

"என் அக்கா. பின்னால் வருகிறாள்."

அவர் உள்ளே போய் ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். காசு நீட்டியபோது கையை ஆட்டினார். என் அருகிலேயே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அவரும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மாட்டுவண்டி வந்தது. கரிப்புகை கக்கியபடி ஒரு லோரி வந்தது. ரோடு காலியானது. மூட்டையை இவரிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். எழுந்தும் நின்றேன். அக்கா வந்து, மூட்டையைத் தெரியாதவரிடம் விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவள் லூர்து. மூட்டை அப்படியே இருந்தது. இறங்கியதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வாந்தி எடுத்தாள்.

"அக்கா எங்க?"

"போகச் சொன்னாங்க அண்ணே. ஒருத்தன் என்கிட்ட வந்தான். கையை ஓங்கினான். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். கண்ணை மூடலை. அவன் கையில ஒண்ணுமே இல்லை அண்ணே, வெறுங்கை. கம்பால முட்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீனர்தான் முதலில் பார்த்தார். கையை நீட்டினார். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். முன்சக்கரம் கோணி ஆடியது. சைக்கிளில் பாதி மூட்டைதான் இருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது. கம்பில் இரண்டு இடத்தில் ஆழமாக வெட்டு.

பக்கத்தில் வந்து, "மூட்டை?" என்றாள்.

"இங்கதான் இருக்கு! மூட்டையாம் மூட்டை! உனக்கு என்ன ஆச்சுன்னு..." அவள் கையிலிருந்து சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

அவள் முக்காலியில் உட்கார்ந்து என் வெந்நீரை எடுத்துக் குடித்தாள். "வெட்டினான், தட்டினேன். பின்னால போனேன். மறுபடியும் வெட்டினான், தட்டினேன், கத்தியோட முதுகு கையில பட்டுது. அதுக்கே அவனுக்கு மூச்சு வாங்குது. என்னைவிட எலும்பா இருக்கான். நம்ம ஆளுதான். தோட்டத்துல வேலை நின்னு போனவனா இருக்கும். அவன் கீழ விழுந்தா எந்திரிக்க மாட்டான்னு தோணிச்சு." கோப்பையைக் கீழே வைத்தாள். "மூட்டையை அவுத்துப் பாதிக் கருவாட்டை ரோட்டுல கொட்டினேன். கத்தியைப் போட்டுட்டுப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தன் பச்சையாவே தின்னான். நான் வந்துட்டேன்."

லூர்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "அடுத்த தடவை மேலயே ஒரு சின்னப் பை தனியா கட்டி வச்சிரணும். அவுக்கறதுக்கு நேரமாச்சு" என்றாள்.

அன்று பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பு முழுக்கக் கருவாட்டு வாசனை. சாத்திய கதவைத் திறந்துகொண்டு ஜைனம்பு வந்தாள். அக்காவின் வீங்கிய கையைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்து நீவிவிட்டாள். அக்கா வலியில் பல்லைக் கடித்தாள்.

"மெதுவா நீவு ஜைனம்பு."

"பேசாம இருங்க. காது வரைக்கும் வந்திருந்தா இந்த அடி எனக்குப் பட்டிருக்கும்."

அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சில நாள் அக்காவால் இடது கையில் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. காலையில் கொடிகளுக்கு நடுவே வந்து நின்றாள். தம்ளரைப் பிடிப்பதுதான் அவளுடைய புது இலக்கு. முதலில் காலித் தம்ளர். அப்புறம் பாதித் தண்ணீர். பிறகு முழுத் தண்ணீர். அது சிந்தாமல் நின்ற அன்று மறுபடியும் கம்பைத் தொட்டாள். நான் ஜைனம்புவுக்குப் பாராங்கத்திக்காரனாக நின்றேன். அவள் முழங்கை காதைத் தொட்டதை முதலில் பார்த்தவன் நான்தான். நான் சொல்வதற்குள் அவளே கொடியை அவிழ்த்து இன்னும் மேலே கட்டப் போய்விட்டாள்.

தொங்கான் புறப்படும் நாள் நெருங்கியது. முதலாளி கேட்ட நூல் கொஞ்சம் பெட்டியில் சேர்ந்திருந்தது. மேடான் பேச்சை மறுபடியும் எடுத்தேன். எங்கள் வீட்டில் அறை இருக்கிறது, என் மனைவி உன்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள், ரோட்டில் கத்திக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை என்றெல்லாம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"உங்க அத்தான் வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவாரு," என்றாள். "கதவு பூட்டியிருந்தா எங்க போவாரு? அது ஒண்ணு. இவங்க ரெண்டு பேரு வீட்டுலயும் சேர்த்து அஞ்சு புள்ளைங்க இருக்கு. அது ஒண்ணு."

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

"உன்னை மாதிரி ஒரு சுத்து சுத்தணும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "யுத்தம் முடியட்டும். வயிறு நிறையச் சோறு தின்னுட்டு அதைப் பழகறேன்."

அத்தான் சயாமிலிருந்து திரும்பவில்லை. லூர்துவின் கணவர்தான், யுத்தம் முடிந்து எவ்வளவோ நாளைக்குப் பிறகு, குச்சியாக வந்து சேர்ந்து அவர் இறந்துபோன சேதியைச் சொன்னார். எனக்கு அது மேடானில்தான் எட்டியது. ஆனால் அன்று எங்கள் இருவருக்குமே அது தெரியாது. பூட்டாத கதவைப் பற்றி அவள் சொன்னதற்குப் பிறகு நான் மேடான் என்ற சொல்லை எடுக்கவில்லை.

நான் கிளம்பிய அன்று அவர்களுக்கும் மேரு பயணம். அதனால் கிள்ளான் வரை நான்கு பேரும் மூன்று சைக்கிளில் சேர்ந்தே போனோம், அக்காவைப் பின்னால் வைத்து நான் மிதித்தேன். ஜைனம்பு முன்னால் போனாள். அவள் சைக்கிள் இரவல் வாங்கியது, அதில் மணி வேறு இருந்தது. காரணமே இல்லாமல் அதை அடித்துக்கொண்டே போனாள். என்னைப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு மேருவுக்குப் போனார்கள். மறுநாள் காலை மூட்டைகளோடு திரும்பி வந்தபோதும் தொங்கான் கிளம்பியிருக்கவில்லை. தண்டல் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒரு கைப்பிடி அவலை இலையில் பொதிந்து என் கையில் கொடுத்தாள். என் நெற்றியைத் தொட்டாள். 

"காத்து எப்ப வருமாம்?"

"மத்தியானம் வரலாம்ங்கிறார்."

அவள் சூரியனைப் பார்த்தாள். பிறகு மூட்டையின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மேலே தனியாக ஒரு சின்னப் பை.

"அப்ப நான் வரேன்டா. நீ போறதைப் பார்த்துக்கிட்டு நின்னா பத்து தீகா தாண்டறதுக்குள்ள இருட்டிரும்."

சைக்கிளில் ஏறினாள். மற்ற இருவரும் கையை ஆட்டினார்கள், அக்கா ஆட்டவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனாள். கடைத்தெரு வளைவில் மூன்று சைக்கிளும் மறையும்வரை துறையில் நின்றேன். வழியனுப்ப வந்தவர்களைப் பயணம் போகிற நான் நின்று வழியனுப்பினேன். தண்டல் பின்னாலிருந்து, "யார் அவர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, காற்று கொஞ்சம் எழுகிறது, ஏறு என்றார்.